மேல் வீட்டுத் தண்ணீர்

வணக்கம் ஐயா,

பெருந்துறைப் பக்கம் தோட்டத்தில் இருந்தவர்கள் நாங்கள். மகனுக்குக் கோவையில் வேலை என்பதால் பண்ணையத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சிங்காநல்லூரில் அடுக்குமாடியில் வீடு வாங்கி வந்தோம். சில மாதங்களாக பாத்ரூம் சீலிங் ஒழுகுகிறது. மேலே வாடகைக் குடும்பம். ஓனர் பெங்களூரில். சொல்லிச் சொல்லிப் பார்த்து, ஒரு ராத்திரி போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டு, ‘பொறுப்பில்லாத ஜனங்கள்’ என்று எழுதிவிட்டேன். அன்றிலிருந்து அந்த அம்மணி என் மனைவியைக் கண்டால் லிஃப்டில் ஏறாமல் படியில் இறங்கிப் போகிறது. குரூப்பில் பாதிப் பேர் என் பக்கம், பாதிப் பேர் அவர்கள் பக்கம். ஒழுகல் மட்டும் நிற்கவில்லை. ஊரில் என்றால் அக்கம்பக்கம் ஓடிவரும். இங்கே மனுசனுக்கு மனுசன் ஒட்டுதலே இல்லை. தோட்டத்துக்கே போய்விடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

ஐயா, வணக்கம்.

ஒட்டுதலைப் பிறகு பேசுவோம். முதலில் ஒழுகல்.

மேல் வீட்டார் ஊருக்குப் போயிருந்த நாளிலும் சொட்டியதா? சொட்டியிருந்தால் சப்ளை லைனைச் சந்தேகப்படுங்கள். அதில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும். அந்த பாத்ரூமுக்கான வால்வை மூடி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர்கள் குளித்த பிறகுதான் சொட்டுகிறது என்றால் தரை அல்லது கழிவுக் குழாய் இணைப்பு. தரையில் தண்ணீர் போகிற ஜாலியைத் துணி வைத்து இறுக அடைத்து, ஒரு இஞ்ச் தண்ணீர் நிறுத்தி, மட்டத்துக்குச் சுவரில் பென்சில் கோடு போட்டு, ராத்திரி முழுக்க விடச் சொல்லுங்கள். காலையில் மட்டம் நன்றாக இறங்கி, உங்கள் சீலிங்கிலும் சொட்டு கூடியிருந்தால் டைல்ஸ் இடுக்கு, அதற்கடியில் உள்ள வாட்டர்புரூஃபிங். அப்படியே நின்றுவிட்டு, அடைப்பை எடுத்ததும் சொட்ட ஆரம்பித்தால் குழாய்.

இன்னொன்று. பல அடுக்குமாடிகளில் பாத்ரூம் தளத்தைத் தாழ்த்திப் போட்டு, குழாய் பதித்து, மேலே நிரப்பியிருப்பார்கள். அந்த நிரப்பலில் தேங்கிய தண்ணீர், வேலை முடிந்த பிறகும் பல நாள் சொட்டும். இது தெரியாமல் ‘பிளம்பர் ஏமாற்றிவிட்டான்’ என்று இரண்டாவது சண்டை தொடங்கும். அதையும் எதிர்பார்த்து வையுங்கள்.

நான் சொன்ன சோதனை எல்லாமே அந்த அம்மணியின் வீட்டுக்குள் நடக்க வேண்டியவை. அவர் கதவைத் திறந்தால்தான் உண்டு. வாடகைக்கு இருப்பவர் ஓனரைக் கேட்காமல் ஒரு டைல்ஸைப் பெயர்க்க முடியுமா? தன் கையில் இல்லாத காரியத்துக்காக அத்தனை வீட்டுக்காரர்கள் முன்னால் பேச்சு வாங்கியிருக்கிறார். படியில் இறங்கிப் போனதோடு விட்டாரே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஊரில் அக்கம்பக்கம் ஓடிவரும் என்கிறீர்கள். வரும், எழவுக்கும் நோம்பிக்கும். ஆனால் கூட்டுக் கிணறு இருக்கிற தோட்டங்களைப் பாருங்கள். பத்திரத்தில் ‘பொதுக் கிணற்றில் 4-ல் 1 பாகமும், மின் மோட்டார் பம்புசெட்டில் பாத்தியமும், மாமூல் வழித்தட பாத்தியமும்’ என்று எழுதியிருக்கும். அந்த நாலு பாகத்துக்காரர்களும் பெரும்பாலும் பங்காளிகள். அதில் இரண்டு பேர் வருசக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார்கள். ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகமாட்டார். இருந்தாலும் இன்றைக்கு இவர் முறை என்றால் மற்றவர் மோட்டார் ரூம் பக்கம் போகமாட்டார். கரண்ட் போன நேரம் யார் கணக்கில், காயில் கருகினால் யார் எவ்வளவு, கிணறு தூர் வாரினால் பாகப்படியா ஆள்படியா என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஒரு பேச்சு இருக்கும். அது முறிகிற இடத்தில்தான் வெட்டுக்குத்து வரை போகும். பாசம் குறைந்ததால் யாரும் கோர்ட்டுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

உங்கள் பக்கத்துக் கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, ஒரு போகத்துக்குப் பாதி ஆயக்கட்டு என்று மாறி மாறித் திறக்கிறார்கள். மேல்மடைக்காரர் நல்லவரா கெட்டவரா என்பதை நம்பி அங்கே யாரும் நெல் போடுவதில்லை.

உங்கள் அடுக்குமாடியில் இல்லாதது இந்த மாதிரி ஒரு முறைதான். அசோசியேசன் பைலாவை, அதாவது சங்க விதிகளை, எடுத்துப் பாருங்கள். மெயின்டனன்ஸ் பாக்கிக்கு அபராதம், கார் நிறுத்தம், நாய் வளர்ப்பு எல்லாம் இருக்கும். மேல் வீடு ஒழுகினால் யார் வந்து பார்ப்பது, ஓனர் எத்தனை நாளுக்குள் ஆள் அனுப்ப வேண்டும், அவர் அசையாவிட்டால் சங்கமே செய்துவிட்டுச் செலவை அவர் கணக்கில் எழுதலாமா என்பது நான் பார்த்த பைலா ஒன்றிலும் இல்லை. 1994-ஆம் வருடச் சட்டத்தை எடுத்துவிட்டு 2022-ல் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கென்று தமிழ்நாட்டில் புதுச் சட்டமே வந்துவிட்டது. அது சங்கத்துக்குச் சட்டப்படி இடம் கொடுக்கிறது. ஒழுகலுக்கான விதியை உங்கள் பொதுக்குழுதான் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதை வையுங்கள். வாடகைக்காரர்களையும் உட்காரச் சொல்லுங்கள். ஓட்டு இல்லாவிட்டால் போகிறது, தண்ணீர் அவர்கள் புழங்குவது.

அந்த அம்மணி விஷயம். எழுதியது குரூப்பில் என்பதால் வருத்தத்தையும் குரூப்பில்தான் சொல்ல வேண்டும். ‘நான் எழுதியது தப்பு, அவர்கள் கையில் இல்லாத விஷயம்’ என்று ஒரே வரி போதும். ‘இருந்தாலும்’ என்று இரண்டாவது வரி வேண்டாம். யாராவது கீழே கைகூப்பும் படங்களாகப் போட்டுத் தள்ளுவார்கள், கண்டுகொள்ளாதீர்கள். பிறகு உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு மேலே போங்கள். ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் எடுத்துப் போக வேண்டாம், வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நிற்பார்கள். ‘அம்மணி, ஞாயித்துக்கெழம பிளம்பரக் கூட்டியாரட்டுங்களா? உங்களுக்கு எந்நேரம் தோதுப்படும்?’ என்று கேளுங்கள். ஓனர் நம்பரை அவரிடமே வாங்கி, அவர் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள். வாடகைக்காரர் மேல் தப்பில்லை என்பது ஓனர் காதிலும் விழட்டும். அந்த அம்மணிக்கு அட்வான்ஸ் பணத்தைப் பற்றிய பயமும் இருக்கும்.

தோட்டத்துக்குத் திரும்புவது உங்கள் இஷ்டம். குத்தகைக் காலம் முடிய வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மட்டம் இறங்கியதா, அப்படியே நின்றதா என்று எழுதுங்கள். செலவை யார் தலையில் வைப்பது என்பதை அதைத் தெரிந்துகொண்டு பேசலாம்.