பாதியில் இறங்கிய டாக்டர்

கேள்வி: டார்வினோடு 'பீகிள்' கப்பலில் போன டாக்டர் ராபர்ட் மக்கார்மிக், பொறாமை தாங்காமல் பாதியில் இறங்கிவிட்டாராமே? பொறுமையாக இருந்திருந்தால் பரிணாமக் கொள்கை அவர் பெயரில் வந்திருக்குமோ?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பாதியா? கப்பல் கிளம்பியது 1831 டிசம்பர் 27. திரும்பி வந்தது 1836 அக்டோபர் 2. நம் டாக்டர் ரியோ டி ஜெனிரோவில் மூட்டை கட்டியது 1832 ஏப்ரலில். ஐந்து வருடப் பயணத்தில் நாலு மாதம். பாதி வரை வந்திருந்தால் நான் அவருக்கு மாலையே போட்டிருப்பேன்.

பாதியில் இறங்குகிறவர்களைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கவே கூடாது. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீன் பக்கம் நகர்கிற ரசிகர்களைக்கூட மன்னித்துவிடலாம்; பசி ஒரு காரணம்தான். தொடர்கதை எழுத ஒப்புக்கொண்டு, முன்பணமும் வாங்கிக்கொண்டு, நடுவில் காணாமல் போன எழுத்தாளரை என்ன செய்வது? பெயர் சொல்ல மாட்டேன். அவருடைய கதாநாயகி விழுப்புரம் ஜங்ஷனில் கையில் ஒரு கடிதத்தோடு நிற்கிறாள். பிரிக்கலாமா, கிழித்துப் போடலாமா என்று யோசிக்கிறாள். 'தொடரும்' என்று போட்டோம். தொடரவில்லை. "அந்தப் பெண் ரயிலேறினாளா இல்லையா?" என்று இன்னமும் கடிதம் வருகிறது. ஒரு வாசகி, அந்தப் பெண்ணுக்குக் கல்யாண வயது தாண்டியிருக்குமே என்று கவலைப்பட்டு எழுதியிருந்தார். எழுத்தாளரோ இலக்கியக் கூட்டங்களில் 'படைப்பாளியின் கடமை' பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். நான் விழுப்புரத்தைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பிளாட்பாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

சரி, டாக்டருக்கு வருவோம்.

பொறாமை என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கடற்படையில், போகிற இடத்தில் செடி, பறவை, பாறை சேகரிப்பது கப்பல் மருத்துவருக்கு வழக்கமாக வருகிற வேலை. மக்கார்மிக் 1800இல் பிறந்தவர். தந்தையும் கடற்படை மருத்துவர்தான். 1827இல் கடற்படை கேப்டன் பாரியோடு வட துருவப் பக்கம் போய்வந்தவர். எடின்பரோவில் பேராசிரியர் ஜேம்சனிடம் இயற்கை வரலாறு பாடம் கேட்டுத் தயாரானவர். அப்படிப்பட்டவர் 'பீகிள்' கப்பலுக்கு வந்து பார்த்தால், ஏற்கெனவே ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். வயது 22. சம்பளம் கிடையாது, அப்பா பணக்கார டாக்டர்.

இந்தப் பையன் எப்படி வந்தான்? அதே கப்பலின் முந்தைய கேப்டன் 1828இல் தனிமையும் மனச்சோர்வும் தாங்காமல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். பின்னால் வந்த கேப்டன் ஃபிட்ஸ்ராய்க்கு அந்தப் பயம் இருந்தது. கூட உட்கார்ந்து சாப்பிட, பேச, தன் அந்தஸ்துக்கு ஏற்ற ஓர் ஆள் வேண்டும் என்று தேடினார். கிடைத்தவர் டார்வின். இப்போது கணக்குப் போடுங்கள். மருத்துவர் உத்தியோகஸ்தர், கரைக்குப் போக மேலதிகாரியின் அனுமதி வேண்டும். டார்வின் கேப்டனின் விருந்தாளி, நினைத்தால் இறங்கலாம். கரைக்குப் போகவும் சேகரிக்கவும் தனக்கு எல்லாத் தடைகளும் போட்டார்கள் என்று மக்கார்மிக் பிற்காலத்தில் எழுதினார். மனிதர் வேறு விஷயங்களில் எப்படியோ, இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. அலுவலகத்தில் உங்கள் வேலையை முதலாளியின் நண்பர் மகன் பொழுதுபோக்காகச் செய்ய வந்தால் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு அடுத்த கேள்வியை எழுதுங்கள்.

இதில் வேடிக்கை, பாதியில் இறங்குவதில் டார்வினே சூரர். மருத்துவம் படிக்க அதே எடின்பரோவுக்குத்தான் போனார். மயக்க மருந்து இல்லாத காலம். ஒரு குழந்தைக்கு நடந்த அறுவை சிகிச்சையைப் பார்க்கச் சகிக்காமல் அறையை விட்டு ஓடினார், அப்புறம் படிப்பையும் விட்டார். ஜேம்சனின் பாடம் அவருக்கு மகா அலுப்பு. அடுத்து, பாதிரியார் ஆவதற்காகக் கேம்பிரிட்ஜ். அதுவும் ஆகவில்லை.

ஆனால் மக்கார்மிக் என்ன மாதிரி ஆள் என்பதற்கும் டார்வினின் கடிதங்களே சாட்சி. புறப்படுவதற்கு முன், தன் குரு ஹென்ஸ்லோவுக்கு 1831 அக்டோபரில் எழுதுகிறார்: என் நண்பர் டாக்டர் ஒரு கழுதை, ஆனாலும் சிநேகமாகத்தான் இருக்கிறோம், கேபினுக்குப் பிரெஞ்சுச் சாம்பல் நிறம் அடிப்பதா, பளபளப்பில்லாத வெள்ளை அடிப்பதா என்ற பெருந்துயரத்தில் இருக்கிறார், வேறு பேச்சே அவரிடமிருந்து வருவதில்லை.

இந்த இடத்தில் நான் டாக்டர் கட்சி. சுவருக்கு நிறம் தேர்ந்தெடுப்பது லேசான காரியம் இல்லை. பெயின்ட் கடை அட்டையில் ஒரே வெள்ளைக்கு ஏழெட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள். எதைச் சுவரில் அடித்தாலும் ஆஸ்பத்திரி மாதிரிதான் ஆகிறது. அவராவது ஆஸ்பத்திரிக்காரர்.

இன்னொரு கடிதம் இருக்கிறது. அதைப் பத்திரிகை ஆபீஸ் வாசலில் எழுதி ஒட்டலாம். இவர் ரொம்பப் பழைய காலத்துத் தத்துவ ஞானி, என்கிறார் டார்வின். கேப் வெர்டே தீவில் முதல் பதினைந்து நாள் பொதுவான கருத்துகளை எழுதினாராம், கடைசிப் பதினைந்து நாள் தகவல் சேகரித்தாராம். அதுவும் மக்கார்மிக்கே சொன்ன கணக்குப்படி! படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றது. இந்த வாரம் எனக்கு வந்த கட்டுரைகளில் முக்கால்வாசி அந்த முறையில் எழுதப்பட்டவை. முதல் பத்தியிலேயே தமிழ்ச் சமூகத்தின் சீரழிவு பற்றித் தீர்ப்பு. ஆதாரம் ஆறாவது பக்கத்தில், அதுவும் மைத்துனர் சொன்னது. டி.வி. விவாதக்காரர்கள் அந்தக் கடைசிப் பதினைந்து நாளையும் ரத்து செய்துவிட்டார்கள்.

ரியோவில் அவர் இறங்கியபோது, அவரால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று டார்வின் வீட்டுக்கு எழுதினார். உங்கள் கேள்வி அதோடு முடிந்துவிடுகிறது. மனிதரின் வாழ்க்கை முடியவில்லை. ஏழு வருடம் கழித்து, 1839இல், ஜேம்ஸ் ரோஸின் அன்டார்க்டிகா பயணத்தில் 'எரபஸ்' கப்பலுக்கு மருத்துவராகிறார். இந்த முறை போட்டிக்குக் கேப்டனின் விருந்தாளி யாரும் இல்லை. உதவி மருத்துவராக ஒரு பையன் மட்டும் வருகிறான். வயது 22. பெயர் ஜோசப் ஹூக்கர்!

தலையெழுத்து என்று சொல்ல எனக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். ஹூக்கர்தான் பின்னாளில் கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர், டார்வினின் நெருங்கிய நண்பர். கப்பலில் ஹூக்கர் தாவரங்களைச் சேர்க்க, மக்கார்மிக் பறவை சுடுவதிலும் பாறை பொறுக்குவதிலும் திருப்தி அடைந்தார். பயணத்துக்கு முன் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஹூக்கரும் டார்வினும் முதன்முதலாகச் சந்தித்தார்களே, அறிமுகப்படுத்தியது யார் தெரியுமா? முன்பு கொஞ்ச காலம் 'பீகிள்' கப்பலில் இருந்த, ஹூக்கரோடு நடந்துவந்த அதிகாரி. நம் டாக்டர்தான். பொறாமைக்காரர் செய்கிற வேலையா இது?

அப்புறம் அதே 'எரபஸ்' 1845இல் கடற்பயணி ஜான் ஃபிராங்க்ளினோடு வட துருவக் கடலுக்குப் போய்த் தொலைந்தது. 1852இல் மக்கார்மிக் ஒரு சின்னப் படகில் ஆறு பேரோடு வெலிங்டன் கால்வாய்ப் பகுதியில் தேடினார். கிடைக்கவில்லை. வடக்கே தேடினார், கப்பல் வெகு தெற்கே மூழ்கிக் கிடந்தது, 2014இல்தான் கண்டுபிடித்தார்கள். மீதி வாழ்க்கை பதவி உயர்வுக்காகக் கடற்படை அலுவலகத்தோடு மல்லுக்கட்டிக் கழிந்தது. 1884இல் இரண்டு பெரிய தொகுதிகளாகத் தன் பயணங்களை எழுதி வெளியிட்டார். ஆக, எழுத ஆரம்பித்ததை முடித்தவர். எனக்கு அது போதும். 1890இல் இறந்தார். அன்டார்க்டிகாவில் அவர் சுட்டுக் கொண்டுவந்த ஸ்குவா என்ற கடற்பறவைக்கு மூன்று வருடம் கழித்து அவர் பெயரை வைத்தார்கள். பிற பறவைகள் பிடித்த மீனைத் துரத்திப் பறிப்பது அதன் தொழில்.

பரிணாமக் கொள்கை அவர் பெயரில் வந்திருக்குமா? வந்திருக்காது. டார்வின் தாமதித்தபோது 1858இல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் தானாகவே அதைக் கண்டுபிடித்து டார்வினுக்குக் கடிதம் போட்டார். அவருக்கு எந்தக் கேபினும் இல்லை.

நீங்கள் உண்மையில் கேட்டிருக்க வேண்டிய ஆள் பெஞ்சமின் பைனோ. மக்கார்மிக் போனதும் பொறுப்பேற்றவர், கடைசிவரை இறங்கவில்லை. வால்பரைசோவில் டார்வின் படுத்த படுக்கையானபோது வைத்தியம் பார்த்தார், கலாபகஸில் அவரோடு கூடாரம் அடித்துத் தங்கினார், டார்வின் வீட்டுக்குப் போன பிறகும் அதே கப்பலில் ஆஸ்திரேலியா போனார். அங்கே அவர் பெயரில் ஒரு பல்லி இருக்கிறது. அதில் சில கூட்டங்களில் ஆணே கிடையாது. பெண் பல்லிகளே முட்டையிட்டு வம்சத்தை நடத்துகின்றன. அதைப் பற்றிக் கேள்வி அனுப்பினால் விரிவாகப் பதில் சொல்கிறேன். பல்லி விழும் பலன் கேட்டு யாரும் எழுத வேண்டாம்.