ஏசியில் விரல் வெளுக்கிறது: நரம்புத் தளர்ச்சியா?

கேள்வி: எனக்கு வயது 26. ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்தாலோ, ஃப்ரீசரில் கை விட்டாலோ விரல் நுனிகள் சுண்ணாம்பாக வெளுத்து மரத்துப்போகின்றன. அப்புறம் நீலம் பூத்து, கடைசியில் சிவந்து எரிகின்றன. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி சத்து ஊசி போடச் சொல்கிறார்கள். ஒற்றைத் தலைவலிக்கு ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறேன்.

பதில்: நீங்கள் சொல்லும் நிறமாற்றத்துக்கு ரேனாட்ஸ் என்று பெயர். இதற்குச் சத்து ஊசி எதுவும் செய்யாது. விரலுக்குப் போய் ரத்தக்குழாயைச் சுருக்கும் சிம்பதெட்டிக் நரம்பு தளர்ந்தால் ரத்தக்குழாய் விரியும், உங்களுக்கோ சுருங்குகிறது.

அந்த நரம்பு நார்அட்ரீனலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அதை வாங்கிக்கொள்ள ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்களில் ஏற்பிகள் உண்டு. அவற்றில் ஆல்ஃபா-2சி என்ற வகை, கை கதகதப்பாக இருக்கும்வரை பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும். தோல் குளிர்ந்ததும் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடும். நரம்பு வழக்கமான அளவே சுரந்தாலும் குழாய் இறுகிவிடுகிறது. உடல் சூட்டைக் காக்க எல்லோருக்கும் ஓரளவு நடப்பதுதான். உங்களுக்கு அளவு மீறுகிறது. 1862-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனாட் நரம்பைக் குறை சொன்னார். 1929-இல் பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் ரத்தக்குழாயைக் குறை சொன்னார். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

சரி, கையுறை போதுமா? போதாது. உடம்பு குளிர்ந்தாலோ மனம் பதறினாலோ நரம்பு கூடுதலாகச் சுரக்கும். அதனால் ஆபீசில் முதலில் ஸ்வெட்டர், பிறகுதான் கையுறை. விரல் வெளுத்தால் வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். கொதிநீர் வேண்டாம், மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும்.

நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் மாத்திரையைத்தான். ப்ரோப்ரனலால், குழாயை விரிக்கும் பீட்டா ஏற்பிகளை அடைத்துவிடும். சுருக்கும் ஆல்ஃபாவுக்கு எதிராள் இல்லாமல் போகும். நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று விடுவது ஆபத்து. மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சளி மாத்திரை வாங்கும்போதும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: பினைலெஃப்ரின் இருந்தால் அதுவும் ஆல்ஃபா ஏற்பியைத்தான் தூண்டும். புகைபிடித்தலும் ஆகாது. இத்தனைக்கும் அடங்காவிட்டால் ரத்தக்குழாயை விரிக்கும் நிஃபெடிபின் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார்.

விரல் நுனியில் புண், தோல் இறுக்கம், மூட்டுவலி, ஒரு கையில் மட்டும் வெளுப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் ருமட்டாலஜிஸ்டை (மூட்டுநோய் நிபுணரை) பாருங்கள். ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனை செய்து, நகக்கண்ணின் நுண்குழாய்களையும் பார்த்தால், இதற்குக் காரணமாக ஸ்க்லீரோடெர்மா, லூபஸ் போன்ற, எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய் இருக்கிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.