வரதட்சணையைப் 'பெண்ணுக்குச் சேர வேண்டிய பங்கு' என்று நியாயப்படுத்துபவர்கள் அதை உண்மையிலேயே நம்புகிறார்களா?

நம்புவதில்லை. பங்கு என்று நம்புகிறவர்கள் அதைப் பெண்ணின் கையில் விட்டிருப்பார்கள்.

அக்காவுக்குப் பேசி முடிக்க வந்த அன்று மாப்பிள்ளையின் பெரியப்பா, "நாங்க வாயத் தொறந்து எதுவும் கேக்க மாட்டோம். உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க" என்றார். காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு, "மூத்த மருமகளுக்கு அவங்க வீட்ல அறுபது போட்டாங்க" என்றும் சொன்னார். அப்பா தலையாட்டினார். அறுபது பவுன் என்றால் 480 கிராம் தங்கம். கேட்காமலே கேட்டாகிவிட்டது. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் மறைமுகமாகக் கேட்பதையும் குற்றம் என்றுதான் சொல்கிறது. அதே பெரியப்பா தன் மகளைக் கட்டிக்கொடுத்தபோது, சம்பந்தி வீட்டார் அரித்தெடுக்கிறார்கள் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் புலம்பினார்.

நகை என்ன ஆனது? கொழுந்தனார் கடை வைக்கப் பாதி அடகுக்குப் போனது. ரசீது மாமியார் பீரோவில். அக்கா ஒரு வளையலைக் கேட்டபோது, "வீட்டுக்குத்தானே போயிருக்கு, வெளியிலயா போச்சு?" என்றார்கள். பெண்ணுக்காகக் கொடுத்ததை வேறு யார் வாங்கி வைத்திருந்தாலும் திருமணமான 3 மாதத்துக்குள் அவளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்கிறது. அதுவரைக்கும் அது அவர்களிடம் அவள் பொருட்டு இருக்கிற பொருள்தான்.

பிறந்த வீட்டிலும் இதே கதைதான். தாத்தா நிலத்தைப் பிரித்தபோது அத்தைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் பங்கு வேண்டாம் என்று எழுதித்தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். "அதான் நகை போட்டு, சீர் செஞ்சாச்சே" என்பதுதான் சொன்ன காரணம். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில், அப்போது கல்யாணமாகாத மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லேயே வந்தது. கல்யாணமானவர்களையும் சேர்த்து, நாடு முழுமைக்கும் 2005-இல் வந்தது. ஆக, நகையைக் காட்டி நிலத்தைப் பிடுங்குகிறார்கள். போன இடத்தில் குடும்பத்தைக் காட்டி நகையைப் பிடுங்குகிறார்கள். எங்கே இருக்கிறது அவள் பங்கு? முறை, வழக்கம், குடும்ப கௌரவம் என்று மேடை போட்டுப் பேசும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதனால்தான்.

இன்னொன்று. எங்கள் பக்கக் கல்யாணங்களில் மண்டப வாசலில் மேசை போட்டு மொய் எழுதுவார்கள். பெயர், ஊர், தொகை. ஐம்பது ரூபாய் வைத்தவர் பெயர்கூட விட்டுப்போகாது. மணமக்களுக்கு வரும் அன்பளிப்புகளை என்ன பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று பட்டியலிட்டு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று 1985-இல் வந்த விதி இருக்கிறது. அந்தப் பட்டியலை எழுதி நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. எழுதினால், அது யாருடையது என்பதற்குச் சாட்சி வந்துவிடுமே!

"கொடுத்ததும் குற்றம்தான், வெளியே சொன்னால் நீங்களும் உள்ளே போவீர்கள்" என்று பெண் வீட்டாரை மிரட்டுவதும் சகஜம். கொடுப்பதும் குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர் தரும் வாக்குமூலத்தை வைத்து அவர்மீதே இந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர முடியாது. 7-ஆவது பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. உங்கள் வீட்டில் இப்போது கல்யாணப் பேச்சு நடந்தால், "பங்கு" என்று சொல்பவரிடம் அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடச் சம்மதமா என்று கேளுங்கள். லாக்கரைப் பெண்ணின் பெயரிலேயே எடுங்கள்.