பஸ் கேட்டு மூன்று மனு, பதில் ஒன்றுதான்!

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து 3 கி.மீ. நடந்து கூட்ரோட்டுக்குப் போனால்தான் பள்ளிக்கூடத்துக்குப் பஸ். 7.50க்கு அங்கே வரும் டவுன் பஸ் 8.15 வரை நிற்கும். மகள் பிளஸ் 1 படிக்கிறாள். கலெக்டர் ஆபீஸில் மூன்று முறை மனு கொடுத்தாயிற்று. 'பரிசீலனையில் உள்ளது' என்பதோடு சரி. எனக்கு எழுதத் தெரியாததுதான் காரணமா? கடைசி மனுவின் நகலை இதோடு இணைத்திருக்கிறேன்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: சகோதரி, உங்களுக்கு எழுத நன்றாகவே வருகிறது. அடைமழையில் பிள்ளைகள் புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நடப்பதைச் சொன்ன இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் எந்தப் பஸ், எத்தனை மணிக்கு, எதுவரை வரவேண்டும் என்பது மனுவின் மூன்று பக்கத்தில் எங்குமே இல்லை.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்த மனு, போக்குவரத்துக் கழகத்துக்குப் போய், கடைசியில் டெப்போ கிளை மேலாளரின் மேசைக்கு வரும். எத்தனை கி.மீ. கூடும், அடுத்த நடை தாமதமாகுமா, பஸ் திரும்ப இடம் உண்டா, ஏற ஆள் உண்டா என்றுதான் அவர் பார்ப்பார். விடை இல்லாத மனுவில் அவர் வேறென்ன எழுத முடியும்?

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 7.50க்குக் கூட்ரோட்டுக்கு வரும் டவுன் பஸ் 8.15 வரை அங்கேயே நிற்கிறது என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதுதானே உங்கள் பஸ்! இப்படித் தொடங்குங்கள்:

"பொருள்: காலை 7.50க்குக் கூட்ரோடு வரும் டவுன் பஸ்ஸைப் பள்ளி நாட்களில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வரை நீட்டிக்கக் கோருதல்.

ஐயா, இந்தப் பஸ் 8.15 வரை கூட்ரோட்டில் நிற்கிறது. எங்கள் ஊருக்குப் போய்வர 6 கி.மீ., 20 நிமிடம். கோயில் முன்பு பஸ் திரும்ப இடம் உண்டு. தினமும் 34 மாணவர்களும் வேலைக்குப் போகும் 20 பேரும் ஏறுவார்கள். ஒரு மாதம் மட்டும் ஓட்டிப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

எண்கள் நான் உத்தேசமாகப் போட்டவை. நீங்கள் அப்படிப் போடக்கூடாது. வீடு வீடாகப் போய் ஆளை எண்ணுங்கள், ஊர் வேன் ஒன்றில் போய்வந்து நேரம் பாருங்கள். அதற்கு முன்னால் அந்த டிரைவரையும் கண்டக்டரையும் பார்த்துப் பேசுங்கள். அந்த 25 நிமிடம் அவர்கள் டிபன் சாப்பிடுகிற நேரமாக இருக்கலாம். அதைத்தான் கேட்கிறோம் என்ற நினைப்போடு பேசுங்கள். 8.15 நடையைப் பத்து நிமிடம் தள்ளினால் சரியாகும் என்று அவர்களே சொன்னால் அதையும் மனுவில் சேருங்கள்.

பெண்களுக்கு டிக்கெட் இலவசம், அதனால் கணக்கில் வராது என்று அவர்களை விட்டுவிட வேண்டாம். 2021 முதல் கட்டணமில்லாச் சீட்டுக்கான தொகையை அரசு கழகத்துக்குத் தருகிறது. அந்தச் சீட்டும் கணக்கில் ஏறும்.

'பொற்பாதம் பணிந்து' என்ற வரியை எடுத்துவிடுங்கள். நீங்கள் பிச்சை கேட்கவில்லை. 'தவறினால் சாலை மறியல்' என்ற கடைசி வரியும் வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த வரியைப் படித்ததும் பஸ் விஷயம் போலீஸ் விஷயமாகிவிடும். ரேஷன் கடைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தனித்தனி மனு கொடுங்கள். இதே மனுவில் இருந்தால் மூன்றும் மூன்று ஆபீஸுக்கு அலையும்.

அடுத்த கிராம சபையில் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, எது முதலில் வருகிறதோ) தீர்மானம் போடச் சொல்லி நகலை இணையுங்கள். மனு ஒரே பக்கம் இருக்கட்டும், கீழே உங்கள் செல் நம்பர். திங்கட்கிழமை கொடுத்துவிட்டு, இன்னொரு நகலை நீங்களே டெப்போவில் கிளை மேலாளரிடம் நேரில் கொடுங்கள்.

எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கொடுப்பதற்கு முன் நேரக்கணக்கை ஒருமுறை சேர்ந்தே சரிபார்த்துவிடலாம்.