பழைய ட்ரீ ஸ்டாண்ட் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் மிச்சிகனில் இருக்கிறேன். வேலை இடத்து நண்பர்களோடு இந்த அக்டோபரில் முதல் தடவையாக வில் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஏணி வைத்த ட்ரீ ஸ்டாண்டை (மரத்தில் கட்டி, மேலே உட்கார்ந்து மானுக்காகக் காத்திருக்கும் இருக்கை), விழாமல் இருக்க உடலில் மாட்டிக்கொள்ளும் ஹார்னஸும் சேர்த்து, பாதி விலைக்குத் தருகிறார். ஐந்தாறு வருடமாக மரத்திலேயே இருக்கிறதாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஹார்னஸைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இரும்புச் சட்டம் நன்றாகவே இருக்கலாம். கவலை, அதை மரத்தோடு இழுத்துப் பிடிக்கும் பட்டைகளைப் பற்றித்தான். வெயிலிலும் மழையிலும் கிடந்த பட்டையின் நூல் உளுத்துப்போகும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. அணில்கள் கடித்தும் வைக்கும். மரம் வருடா வருடம் பருப்பதால், கட்டிய பட்டை விறைத்துக்கொண்டே போகும். சீசன் முடிந்ததும் ஸ்டாண்டைக் கழற்றி வைக்காதவர் பட்டையை மட்டும் மாற்றியிருப்பார் என்று நான் நம்பமாட்டேன். ஹார்னஸுக்கோ ஆயுள் உண்டு: பொதுவாகத் தயாரித்த தேதியிலிருந்து 5 வருடம். அந்தத் தேதி அதிலுள்ள லேபிளிலேயே இருக்கும்.

புதிதாக வாங்கும்போது டிஎம்ஏ என்ற ட்ரீ ஸ்டாண்ட் தயாரிப்பாளர் சங்கத்தின் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சான்று பெற்ற ஸ்டாண்டோடு முழு உடல் ஹார்னஸும் வரும். பல ஸ்டாண்டுகள் 300 பவுண்டு, அதாவது சுமார் 136 கிலோ தாங்கும். அந்தக் கணக்கில் குளிர் உடை, பூட்ஸ், பை, வில் எல்லாம் அடக்கம். அந்த மாடலைத் திரும்பப் பெற அறிவிப்பு வந்திருக்கிறதா என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்திலும் தேடிவிடுங்கள்.

மிச்சப்படுத்த நினைத்த பணத்தில் முதலில் ஒரு லைஃப்லைன் வாங்குங்கள். உட்கார்ந்த பிறகு ஹார்னஸை மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து ஸ்டாண்டின் தட்டுக்குக் கால் மாற்றும் அந்த நொடியிலும்தான் பலர் விழுகிறார்கள். லைஃப்லைன் என்பது இருக்கைக்கு மேலே கட்டி மரத்தின் அடிவரை தொங்கவிடும் கயிறு. அதிலுள்ள புரூசிக் முடிச்சில் ஹார்னஸை மாட்டி, அதைக் கையால் நகர்த்திக்கொண்டே ஏற வேண்டும். கால் வழுக்கினால் முடிச்சு இறுகிப் பிடித்துக்கொள்ளும். வில்லையும் அம்புகளையும் கையில் வைத்துக்கொண்டு ஏறவே கூடாது. பிராட்ஹெட் என்ற வேட்டை அம்பு முனை சவர பிளேடு போல வெட்டும். மேலே போய்த் தனிக் கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஏணி ஸ்டாண்டைத் தனியாக நிறுத்தாதீர்கள். மூன்று பேர் வேண்டும்.

கேள்வி: பொது நிலத்தில் மரத்தில் திருகுப் படி அடிக்கலாமா?

பதில்: மிச்சிகனில் கூடாது. மரத்தைத் துளைக்காமல் பட்டையால் கட்டும் படிகளை வாங்குங்கள். ஸ்டாண்டில் கீழிருந்து படிக்கும்படி உங்கள் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். முதல் உரிமம் வாங்க, 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றையும் காட்ட வேண்டும். அதை இப்போதே முடித்துவிடுங்கள், வில் சீசன் அக்டோபர் 1-லேயே தொடங்கிவிடும்.