ரத்தம் அமிலமாகிவிட்டதாம், இரண்டு லட்சம் கேட்கிறார்கள்

கேள்வி: மச்சினர் ஒருவர் போன ஞாயிற்றுக்கிழமை 'ஆல்கலைன் தண்ணீர்' மெஷினோடு வீட்டுக்கு வந்தார். எங்கள் ஆர்.ஓ. தண்ணீரில் நாலு சொட்டு மருந்து விட்டார், மஞ்சளாகிவிட்டது. "இந்த அமிலத்தைத்தான் தினமும் குடிக்கிறீர்கள்" என்றார். மெஷின் தண்ணீரில் விட்டால் ஊதா. உடம்பு அமிலமாவதால்தான் சர்க்கரை, கேன்சர் எல்லாம் வருகிறதாம். விலை 2 லட்சத்து 10 ஆயிரம். இன்னும் மூன்று பேருக்கு விற்றுக் கொடுத்தால் போட்ட காசு திரும்பிவிடும் என்கிறார். வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: வேண்டாம். ஆனால் மச்சினர் உங்களை ஏமாற்ற நினைத்தார் என்று சொல்ல மாட்டேன். அவர் காட்டிய நிற மாற்றம் உண்மையானது. ஆரத்திக்கு மஞ்சள் கரைத்துத் துளி சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதே சங்கதிதான். சுண்ணாம்பு காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு நேர் எதிரானது, ஆங்கிலத்தில் ஆல்கலைன்), மஞ்சள் அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம். அவருடைய சொட்டு மருந்தும் அப்படி ஒரு சாயம். மெஷினும் பொய் இல்லை. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஒரு குழாயில் காரநீரையும் இன்னொன்றில் அமிலநீரையும் தருகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகள் பெரும்பாலும் போய்விடுவதால், காற்றில் இருக்கும் கரியமில வாயு கொஞ்சம் கரைந்தாலே அமிலப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால்தான் மஞ்சள்.

இதெல்லாம் டம்ளரில் நடப்பது. குடித்தபின் கதை வேறு. பி.எச். என்பது அமிலமா காரமா என்று காட்டும் எண்: 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம். இரைப்பையின் பி.எச். சாதாரணமாக 1.5 முதல் 3.5 வரை, நல்ல அமிலம். பி.எச். ஒரு எண் மாறினால் பத்து மடங்கு வித்தியாசம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். உப்பு ஏதும் இல்லாத, பி.எச். 9 உள்ள தண்ணீர் ஒரு லிட்டரைச் சமன்செய்ய, பி.எச். 2 உள்ள இரைப்பை நீர் ஒரே ஒரு மில்லி லிட்டர் போதும். குழாய்த் தண்ணீரில் உப்பு இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவுதான்.

சரி, ரத்தம்? அதன் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்கிறது. ஆட்டுக்கால் சூப் குடித்தாலும் கீரைச் சாறு குடித்தாலும் அங்கேயேதான் நிற்கும். ரத்தத்தில் உள்ள பைகார்பனேட் அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கிறது, நுரையீரல் கரியமில வாயுவை வெளியே தள்ளுகிறது, மிச்ச அமிலத்தைச் சிறுநீரகம் கழிக்கிறது. இதை அந்தச் சொட்டு மருந்தை வைத்தே பார்க்கலாம். மச்சினர் அடுத்த முறை வரும்போது, நிறம் மாறிய அவருடைய தண்ணீரில் ஒரு ஸ்ட்ராவைப் போட்டு விடாமல் ஊதுங்கள். (ஊத மட்டும், உறிஞ்ச வேண்டாம்.) ஊதா நீலமாகி, பச்சையாகி, மஞ்சளை நோக்கி நகரும். உங்கள் மூச்சில் வரும் கரியமில வாயு செய்கிற வேலை அது. உடம்பு அமிலத்தை நிமிடத்துக்கு நிமிடம் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது, அதுவும் இலவசமாக. அப்புறம் உங்கள் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டு அதே சொட்டை விடச் சொல்லுங்கள். அதுவும் நீலமாகும். செலவு சில பைசா.

எனக்கு இந்த டெமோ மூன்று முறை நடந்திருக்கிறது, ஒரு முறை கல்யாண மண்டபத்தில், பந்திக்கு நடுவில். ஒவ்வொரு முறையும் இரண்டு பெரிய பெயர்கள் வரும். ஒன்று ஜப்பான். அங்கே இந்த மெஷின்களுக்கு வீட்டு மருத்துவச் சாதனம் என்ற அங்கீகாரம் இருப்பது நிஜம். ஆனால் அது வயிற்று உபாதைகளுக்கு மட்டும். சர்க்கரைக்கோ புற்றுநோய்க்கோ இல்லை. இன்னொன்று ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க். "அமில உடம்பில்தான் கேன்சர் வளரும் என்று கண்டுபிடித்து நோபல் வாங்கினார்" என்பார்கள். அவருக்கு 1931இல் நோபல் கிடைத்தது செல்களின் சுவாச நொதி பற்றிய ஆய்வுக்கு. புற்றுக்கட்டியைச் சுற்றி அமிலம் இருக்கும் என்பது சரி, ஆனால் அதை உண்டாக்குவது கட்டிதான். உணவாலோ தண்ணீராலோ புற்றுநோயைத் தடுக்க முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று 2016இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு தேடிப் பார்த்தது. ஆதாரம் கிடைக்கவில்லை.

'மூன்று பேருக்கு விற்றால்' என்ற பேச்சு வந்ததுமே பையை மூடிவிடுங்கள். பொருள் நல்லதென்றால் அதை வாங்க இன்னும் மூன்று சொந்தக்காரர்களைப் பிடித்துத் தர வேண்டிய அவசியம் என்ன? மச்சினர் மனம் நோகாமல் மறுக்க வழி கேட்டால், "இது சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று கம்பெனி லெட்டர்பேடில் எழுதி வாங்கி வாருங்கள், உடனே வாங்குகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். வராது.

கேள்வி: ஆர்.ஓ. சர்வீஸுக்கு வந்த பையன் 'ஆல்கலைன் கார்ட்ரிட்ஜ்' போடச் சொல்கிறான். 1,500 ரூபாயாம். (மதுரை வாசகி)

பதில்: அந்தக் குழாய்க்குள் இருப்பது கால்சியம், மெக்னீசியம் கலந்த தாது உருண்டைகள். ஆர்.ஓ. தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்பவர்களுக்கு ருசி கொஞ்சம் மாறும். பிடித்தால் போடுங்கள், நோய் தீரும் என்று போட வேண்டாம். நமது குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 கேட்கும் பி.எச். 6.5 முதல் 8.5 வரை. உங்கள் ஊர்த் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருந்தால் ஆர்.ஓ.வே தேவைதானா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. பையன் அதைக் கேட்க மாட்டான், பாவம், அவனுக்கு டார்கெட் இருக்கும்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உண்டு. யூடியூப் பார்த்துவிட்டு, உடம்பின் அமிலத்தைக் குறைக்கிறேன் என்று தினமும் எலுமிச்சைச் சாற்றில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா, காலையில் கீரை ஜூஸ், நடுவில் இளநீர் என்று இருக்கிறார். இன்சுலினையும் குறைத்துவிட்டார். (திருச்சி வாசகர்)

பதில்: இதை மட்டும் நாளைக்குத் தள்ளாதீர்கள். டாக்டரிடம் இன்றே பேசுங்கள்.

ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவில் சுமார் 1,250 மில்லி கிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் ஒரு நாள் வரம்பு 2,000. ரத்த அழுத்தம், கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இது கெடுதல். சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் நிஜமாகவே அமிலம் சேரலாம். அதற்கு டாக்டர்களே சோடியம் பைகார்பனேட் மாத்திரை தருவதுண்டு, ஆனால் ரத்தப் பரிசோதனை செய்து, அளவு பார்த்து. கீரை ஜூஸ், இளநீர் இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். அதைக் கழிக்க முடியாத சிறுநீரகம் என்றால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

எல்லாவற்றையும்விட இன்சுலின். இன்சுலின் போதாமல் போனால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் அமிலங்கள் ரத்தத்தில் சேரும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. அமிலத்துக்குப் பயந்து ஊசியைக் குறைப்பவருக்கு அசல் அமில ரத்தம் வருவது இப்படித்தான்.

அமெரிக்காவில், உடம்பைக் காரமாக்கினால் நோய் தீரும் என்ற இந்த ஆல்கலைன் உணவுக் கொள்கையைப் பரப்பிப் பேர் வாங்கியவர் கலிபோர்னியாவின் ராபர்ட் ஓ. யங். உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்த வழக்கில் 2016இல் குற்றவாளி என்று தீர்ப்பானது, சிறைக்கும் போனார். அவரை நம்பிக் கீமோதெரபியைத் தவிர்த்த ஒரு பெண்ணுக்கு 10.5 கோடி டாலர் தர வேண்டும் என்று 2018இல் சான் டியாகோ ஜூரி சொன்னது.

கேள்வி: பி.எச். பட்டை வாங்கிக் காலையில் சிறுநீரைச் சோதித்தேன். 5.5 வருகிறது. என் உடம்பு அமிலமா? (சேலம் வாசகர்)

பதில்: உங்கள் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது. சிறுநீரின் பி.எச். 4.5 முதல் 8 வரை ஏறி இறங்கும். சாப்பாட்டுக்குத் தக்கபடி மாறவும் செய்யும். கழிவு அங்கே போவதால்தான் ரத்தம் சுத்தமாக இருக்கிறது. வீட்டுக் குப்பைத் தொட்டியைப் பார்த்து அடுப்படியை எடை போடலாமா? யூரிக் அமிலக் கல் உள்ளவர்களுக்குச் சிறுநீரைக் காரமாக்க டாக்டர் மருந்து தருவார். ஆனால் கால்சியம் பாஸ்பேட் கல் காரமான சிறுநீரில்தான் உருவாகும். அதனால் பட்டையை வைத்துச் சுயவைத்தியம் வேண்டாம்.

கேள்வி: நான் அந்த ஆல்கலைன் மெஷினை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். அம்மாவின் மூட்டுவலி மூன்று மாதத்தில் போய்விடும் என்றார் ஏஜென்ட். போகவில்லை. கம்பெனி, "அவர் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறது. (சென்னை வாசகி)

பதில்: பொறுப்புதான். நேரடி விற்பனைக்கான (ஏஜென்ட்கள் மூலம் விற்பது) 2021ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, ஏஜென்ட் விற்றதால் எழும் குறைகளுக்குக் கம்பெனியே பதில் சொல்ல வேண்டும். அவர் அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வந்திருக்கக் கூடாது. திருப்பித் தரும் விதிமுறையையும் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

கம்பெனி அச்சடித்த நோட்டீஸில் பெரும்பாலும் நோய்ப் பெயர் இருக்காது, பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். அந்தச் செய்திகளை, ஆடியோ உட்பட, அழிக்காமல் வையுங்கள். பில், இ.எம்.ஐ. ரசீது எல்லாவற்றையும் சேர்த்து முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 வேலை மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, சாதாரணமாக ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அம்மா மூட்டுவலிக்கு அந்த மூன்று மாதமும் டாக்டரிடம் போயிருந்தால், அந்தச் சீட்டுகளையும் மனுவோடு இணைத்துவிடுங்கள்.