கீழ்த்தளத்தில் நிற்கும் பாக்ஸ்டர்: 10 லட்சத்துக்கு வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன், வயது 34. மாதம் கைக்கு வரும் சம்பளம் ரூ.1.7 லட்சம். வாடகை உள்பட வீட்டுச் செலவு ரூ.85,000, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாந்திர முதலீடு) ரூ.35,000. வைப்பு நிதியில் ரூ.13 லட்சம் இருக்கிறது. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் 2007ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் 2.7 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நான்கு ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. உரிமையாளர் ரூ.10 லட்சம் கேட்கிறார். ஆர்.சி. (பதிவுச் சான்று) 2022இல் காலாவதியாகிவிட்டது. ரூ.4 லட்சத்தில் சரிசெய்துவிடலாம் என்கிறார் தெரிந்த மெக்கானிக். சேமிப்பில் காரை வாங்கி, பழுதுபார்க்கத் தனிநபர் கடன் எடுக்கலாமா? கிளாசிக் கார் என்பதால் பிற்பாடு விலை ஏறும் என்கிறார்கள் நண்பர்கள்.

பதில்: விலை ஏறும் என்ற எண்ணத்தை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி 50 ஆண்டு கடந்த வண்டிதான் வின்டேஜ். உங்கள் கார் அந்தத் தகுதியைப் பெற 2057 ஆகும். அதுவரை இது பழைய கார் மட்டுமே. சொந்தப் பயன்பாட்டுக் கார் வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்தாகக் கருதப்படாததால், நட்டத்துக்கு விற்றாலும் அந்த நட்டத்தை எதிலும் ஈடுகட்ட முடியாது. ஆகவே போகும் பணம் முழுவதும் செலவு என்று எழுதிக்கொண்டு, அந்தச் செலவு தாங்குமா என்று பார்ப்போம்.

மெக்கானிக் சொல்லும் 4 லட்சம் கண்ணுக்குத் தெரியும் வேலைக்கான தொகை: டயர், பேட்டரி, பிரேக், ரப்பர் குழாய்கள், மடக்குக் கூரை. பிரித்த பிறகு தெரியவரும் வேலைக்கு அதில் பாதியையாவது சேர்த்து 6 லட்சம் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். ஜே.சி. ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாகம் தேடி மாருதியைப் புதுப்பிக்கலாம். இந்தக் காருக்குப் பல பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அவை வரும்வரை வண்டி பட்டறையில் கிடக்கும்.

இந்த 6 லட்சத்தில் இன்ஜின் அடங்கவில்லை. 2006 முதல் 2008 வரையிலான பாக்ஸ்டர் இன்ஜின்களில் உள்ள இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் (இன்ஜினுக்குள் சுழலும் ஒரு தண்டைத் தாங்கும் பாகம்), முந்தைய இன்ஜின்களில் இருந்ததைவிடப் பெரியது, அரிதாகவே கெடும். ஆனால் கெட்டால் இன்ஜினே போய்விடும், முன்கூட்டியே மாற்றிவிடலாம் என்றாலும் இன்ஜினை முழுவதுமாகப் பிரித்தாக வேண்டும். சிலிண்டர் சுவரில் கீறல் விழுவதும் இந்த வகை இன்ஜின்களில் அறியப்பட்ட பழுதுதான். ஆகவே பேரம் பேசுவதற்கு முன்பே, இந்த இன்ஜினைக் கையாண்ட பட்டறையிலிருந்து ஆளை வரவழைத்து, ஆயில் ஃபில்டரை அறுத்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் சிறு கேமராவை விட்டுச் சுவரையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவைத் தயங்காமல் கொடுங்கள். உரிமையாளர் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை என்றால் பேச்சை அத்துடன் முடித்துவிடலாம்.

ஆர்.சி. விஷயத்தில் தாமதமே செலவு. இறக்குமதிக் காருக்கு 15 ஆண்டு முடிந்தபின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் ரூ.40,000, காலாவதியான நாளிலிருந்து மாதத்துக்கு ரூ.500 தாமதக் கட்டணம் தனி. 20 ஆண்டு கடந்துவிட்டால், 2025 ஆகஸ்ட் திருத்தத்தின்படி அந்தக் கட்டணமே ரூ.80,000. பழைய வண்டிகளுக்கான கர்நாடகப் பசுமை வரி இதற்குமேல் தனி. பதிவைப் புதுப்பித்துத் தரும் பொறுப்பை விற்பவரிடமே விடுங்கள். அவர் மறுத்தால் அந்தத் தொகையை விலையில் கழியுங்கள்.

இனி உங்கள் கையிருப்பு. ஆறு மாத வீட்டுச் செலவு ரூ.5.1 லட்சத்தைத் தொடக்கூடாது என்று ஒதுக்கினால், வைப்பு நிதியில் மிஞ்சுவது ரூ.7.9 லட்சம். 10 லட்சம் அதற்குள் அடங்காது. கடனும் வேண்டாம்: ரூ.4 லட்சத்தை 13 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் ரூ.9,100, வட்டி மட்டும் ஏறக்குறைய ரூ.1.46 லட்சம், பழுது கூடும்போது கடனும் கூடும். சோதனையில் இன்ஜின் தேறினால், புதுப்பித்த பதிவுடன் ரூ.7 லட்சத்துக்குக் கேளுங்கள். எஸ்ஐபியை நிறுத்தாமலே உங்களிடம் மாதம் ரூ.50,000 மிஞ்சுகிறது, ஓராண்டில் அந்த 6 லட்சம் வேலையைக் கட்டங்கட்டமாக முடிக்கலாம். முதலில் பிரேக், டயர், எரிபொருள் குழாய்கள். பெயின்ட்டும் இருக்கைத் தோலும் கடைசியில். 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலை மனதில் வைத்து வடிவமைத்த வண்டி அன்று என்பதால், எரிபொருள் குழாய்களில் சிக்கனம் பார்க்க வேண்டாம். 7 லட்சத்துக்குமேல்தான் என்று அவர் நின்றால், நன்றாகப் பராமரித்த ஒன்றுக்காகச் சேமியுங்கள்; அது விலை கூடுதலாக இருந்தாலும் மொத்தச் செலவில் பெரும்பாலும் மலிவாகவே முடியும்.

காப்பீட்டில், 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் ஆண்டுக்கு ரூ.7,897, ஜிஎஸ்டி தனி. முழுக் காப்பீடு கிடைத்தாலும், 10 ஆண்டு கடந்த வண்டியின் உலோகப் பாகங்களுக்கு இழப்பீட்டில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பாதிச் செலவு உங்கள் தலையில்தான்.

முன்பணம் கொடுப்பதற்குமுன் அரசின் வாகனப் பதிவு விவரங்கள் உள்ள பரிவாஹன் இணையதளத்தில் கடன் அடமானமோ அபராதமோ நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது விற்பவருக்கு அபராதம் தரும் குற்றம் என்பதால், தொகை முழுவதையும் வங்கி வழியாகவே செலுத்துங்கள். உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் அவர் கையெழுத்திட்ட அன்று பெரும்பகுதியைக் கொடுத்தால் போதும்.